வயல் மாறியதா, கேமரா மாறியதா?

பழனிக்குத் தெற்கே மலையடிவாரத்தை ஒட்டி இருக்கிறது பாலசமுத்திரம். மேலே பழனி மலைத்தொடர், அருகே பாலாறு–பொருந்தலாறு அணை, அந்தத் தண்ணீரை நம்பிய நெல்லும் கரும்பும், சுற்றிலும் தென்னையும் மாவும். இந்த நிலத்துக்கு மேலே 817 கிலோமீட்டர் உயரத்தில் ரிசோர்ஸ்சாட் செயற்கைக்கோள் காலை பத்தரை மணியை ஒட்டிக் கடந்து போகும்போது, அதன் லிஸ்-3 கேமரா தரையை 23.5 மீட்டர் பக்கமுள்ள கட்டங்களாகப் பதிகிறது. ஒரு ஏக்கர் வயல் அந்தப் படத்தில் ஏழு கட்டம்தான். ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்கு எண்கள் உண்டு: பச்சை, சிவப்பு, அண்மை அகச்சிவப்பு, குறுஅலை அகச்சிவப்பு ஆகிய நான்கு அலைப்பட்டைகளில் அங்கிருந்து மேலே வந்த ஒளி எவ்வளவு என்பதன் கணக்கு அது. போன தை மாதம் ஒரு கட்டத்தின் எண் கூடுதலாகவும் இந்தத் தையில் குறைவாகவும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாறியது வயலா, கேமராவா? இதற்கு விடை சொல்ல முடியாத எந்தப் பயிர் வரைபடத்தையும் அளவீடு என்று ஏற்கக் கூடாது என்பதே இந்த அத்தியாயத்தில் நான் வைக்கும் வாதம்.

கேமராவுக்குப் பச்சையும் தெரியாது, பயிரும் தெரியாது. அதன் உணரியில் ஒளி விழுந்தால் மின்னூட்டம் சேர்கிறது. சேர்ந்த மின்னூட்டம் ஓர் எண்ணாகிறது. அந்த எண்ணை உண்மையான ஒளியின் அளவாக மாற்ற ஒரு பெருக்கெண் வேண்டும். ஏவுவதற்கு முன், உட்புறம் முழுக்க வெண்மை பூசிய பெரிய கோளம் ஒன்றில் அளவு தெரிந்த விளக்குகளை எரியவிட்டு, கேமராவை அதைப் பார்க்கவைத்து, அந்தப் பெருக்கெண்ணை ஆய்வகத்தில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். வேலை அதோடு முடிந்துவிடக் கூடாதா என்று கேட்கலாம். முடிவதில்லை. ராக்கெட் எழும்பும்போது கேமரா கடுமையாக அதிர்கிறது. வெற்றிடத்தில் பசைகளிலிருந்தும் வண்ணப்பூச்சிலிருந்தும் ஆவி கசிந்து கண்ணாடியில் படிகிறது. காற்றுமண்டலத்தின் காப்பு இல்லாத புற ஊதாக் கதிர் அந்தப் படிவை ஆண்டுக்கு ஆண்டு கருக்கவைக்கிறது. சந்தைக் கடைக்காரர் தராசை வாங்கும்போது சரிபார்த்தது போதும் என்று சட்டம் விட்டுவிடவில்லை. குறித்த காலத்துக்கு ஒருமுறை முத்திரை போடச் சொல்கிறது. சுற்றுப்பாதையில் ஓடும் கேமராவை ஆய்வகத்துக்குத் திரும்பக் கொண்டுவர வழியில்லை என்பதால், அதன் முத்திரையை அங்கேயே, ஓடிக்கொண்டிருக்கும்போதே போட வேண்டியிருக்கிறது. இதைத்தான் சுற்றுப்பாதை அளவுத்திருத்தம் என்கிறோம்.

இது வெறும் அச்சம் இல்லை என்பதற்கு வரலாறு இருக்கிறது. 1984 மார்ச் மாதம் ஏவப்பட்ட அமெரிக்காவின் லேண்ட்சாட்-5, மூன்றாண்டு உழைத்தால் போதும் என்று கட்டப்பட்டது. கால் நூற்றாண்டுக்கு மேல் படம் எடுத்தது. கேமராவின் உணர்திறனைக் கண்காணிக்க உள்ளேயே சிறு விளக்குகள் இருந்தன. ஆண்டுக்கணக்கில் அந்த விளக்குகளை நம்பியே படங்கள் திருத்தப்பட்டன. பிறகுதான் விளக்குகளே மாறிக்கொண்டிருந்தன என்பது தெளிவாகி, 2003-இல் அளவுத்திருத்த முறை மாற்றப்பட்டது. 2007-இல் இன்னொரு முறை செம்மைப்படுத்தப்பட்டது. அதே கேமராவின் குறுஅலை அகச்சிவப்பு உணரிகள் குளிரூட்டப்பட்டவை. அவற்றின் முன்னுள்ள சாளரத்தில் மெல்லிய பனிப்படலம் படிந்தது. படலம் தடிக்கத் தடிக்க, அதன் இரு பரப்புகளிலிருந்தும் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும், கேமராவின் உணர்திறன் சில விழுக்காடு அளவுக்கு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. அவ்வப்போது சூடேற்றிப் பனியை விரட்ட வேண்டியிருந்தது. குறுஅலை அகச்சிவப்பு, இலையிலும் மண்ணிலும் உள்ள ஈரத்தைக் காட்டும் பட்டை. இந்த ஊசலாட்டத்தை அறியாமல் அதைப் படித்தவருக்கு, தண்ணீர் பாய்ச்சாத நிலம் நனைந்து காய்ந்ததாகத் தோன்றியிருக்கும்.

இந்தியாவைப் பற்றிய ஒரு பெரிய செய்தியே இத்தகைய திருத்தத்தின் மேல்தான் நிற்கிறது. 2019-இல் போஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘நேச்சர் சஸ்டெய்னபிலிட்டி’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2000 முதல் 2017 வரை உலகின் பசுமை கூடியிருக்கிறது. அந்தக் கூடுதலில் மூன்றில் ஒரு பங்கு சீனாவுக்கும் இந்தியாவுக்கும் உரியது. உலகின் தாவரப் பரப்பில் இவ்விரு நாடுகளின் பங்கோ 9 விழுக்காடுதான் என்றது அது. இந்தியாவின் கூடுதலில் 82 விழுக்காடு பயிர் நிலங்களிலிருந்து வந்தது. காடுகளின் பங்கு ஐந்து விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. தரவு தந்தவை டெர்ரா, அக்வா என்ற இரு செயற்கைக்கோள்களிலும் இருக்கும் மோடிஸ் கேமராக்கள். இதே மோடிஸின் முந்தைய பதிப்புத் தரவைக் கொண்டு அதற்குச் சில ஆண்டுகள் முன்பு கணக்கிட்டவர்களுக்கு, பல பகுதிகளில் பசுமை குறைவதாக விடை வந்திருந்தது. வயல்கள் அவையே, கேமராவும் அதுவே. இடையில் மாறியது அளவுத்திருத்தம்.

அந்தக் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அளவுத்திருத்தம் எப்படித் தவறும், தவறு எப்படிப் பிடிபடும் என்ற இரண்டும் அதில் இருக்கின்றன. மோடிஸில் சூரிய ஒளியைச் சீராகச் சிதறடிக்கும் வெண்தகடு ஒன்று உண்டு. சூரியன் இவ்வளவு ஒளி தருகிறது, தகடு அதில் இவ்வளவைத் திருப்புகிறது என்று தெரிந்தால், கேமரா தரும் எண்ணைச் சரிபார்த்துவிடலாம். வெயிலில் தகடும் கருக்கும், அதுவும் நீலத்தில் அதிகமாக. அதனால் தகட்டைக் கண்காணிக்க இன்னொரு கருவியும் வைத்திருந்தார்கள். 2003-இல் டெர்ராவில் தகட்டுக்கு முன்னிருந்த கதவின் இயக்கத்தில் கோளாறு வந்து, அதை நிரந்தரமாகத் திறந்தே வைக்க வேண்டியதாயிற்று. தகடு இன்னும் வேகமாகக் கருத்தது. ஆனால் அசல் சிக்கல் வேறிடத்தில் இருந்தது. மோடிஸ் சுழலும் ஆடி ஒன்றின் வழியாகப் பூமியைப் பார்க்கிறது. ஆடியில் ஒளி விழும் கோணம், பார்க்கும் திசைக்கேற்ப மாறும். வெண்தகட்டை ஒரு கோணத்தில் பார்க்கிறது, சந்திரனை இன்னொரு கோணத்தில். இவற்றுக்கு இடையிலும் வெளியிலும் உள்ள கோணங்களில் ஆடி வேறு வேகத்தில் தேய்ந்துகொண்டிருந்ததை இந்த இரண்டு அளவுகோல்களாலும் முழுதாகக் காண முடியவில்லை. டெர்ராவின் நீலப் பட்டைகளில் இந்தத் தேய்மானம் கடுமையாக இருந்தது. 2002-இல் ஏவப்பட்ட அக்வா இவ்வளவு பாதிக்கப்படவில்லை. இரட்டையர்களில் ஒருவர் பசுமை குறைகிறது என்கிறார், மற்றவர் இல்லை என்கிறார். அங்கேதான் சந்தேகம் பிறந்தது. டெர்ராவின் எண்களிலிருந்து கணக்கிடும் பசுமைக் குறியீட்டில் ஆண்டுக்கு 0.001 முதல் 0.004 வரை பொய்யான இறக்கம் இருந்ததாக 2012-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. பின்னர் மாறாத பாலைவனங்களைப் பல கோணங்களில் பார்த்த பதிவுகளைக் கொண்டு ஆடியின் தேய்மானம் கணக்கிடப்பட்டு, தரவு முழுவதும் ஆறாம் பதிப்பாக மறுபடி தயாரிக்கப்பட்டது. பொய் இறக்கம் மறைந்தது. இந்திய வயல்களின் பசுமை ஏற்றம் தெரிந்தது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பயிரைப் பார்ப்பவர்கள் ஒற்றைப் பட்டையின் எண்ணைப் பயன்படுத்துவதில்லை. அண்மை அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்கும் பசுமைக் குறியீட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள். விகிதம் எடுத்தால் கேமராவின் மங்கல் மேலும் கீழும் அடிபட்டுப் போகாதா? இரண்டு பட்டைகளும் ஒரே விகிதத்தில் மங்கினால் போகும். ஆனால் அவை அப்படி மங்குவதில்லை. மோடிஸின் சிக்கல் நீலத்தில் கடுமை. 1997-இல் ஏவப்பட்ட கடல் நிறம் பார்க்கும் சீவிஃப்ஸ் கேமராவிலோ அண்மை அகச்சிவப்புப் பட்டைதான் அதிகம் மங்கியது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இளம் பயிருள்ள வயல் சிவப்பில் 10 விழுக்காடும் அண்மை அகச்சிவப்பில் 25 விழுக்காடும் ஒளியைத் திருப்புகிறது என்றால், குறியீடு 0.43. அண்மை அகச்சிவப்பு மட்டும் ஐந்து விழுக்காடு மங்கினால் அது 0.41 ஆகிவிடும். 0.02 சிறிது என்று தோன்றலாம். மேலே சொன்ன டெர்ராவின் பொய் இறக்கம் பத்தாண்டில் சேர்வதும் ஏறத்தாழ இதே அளவுதான். அந்த அளவே நாடுகளின் பசுமை வரலாற்றைத் திருப்பிப் போடப் போதுமானதாக இருந்தது.

பெருக்கெண்ணில் வரும் பிழையை விகிதம் ஓரளவு தாங்கும். எண்ணோடு ஒரு தொகை கூடிவிடும் பிழையைத் தாங்கவே தாங்காது. ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்களில் 10,000 என்ற எண் முழு எதிரொளிப்பைக் குறிக்கும். மிக இருண்ட பரப்புகளில் திருத்தத்துக்குப் பின் வரும் எதிர்மறை எண்கள் வெட்டுப்படாமல் இருக்க, 2022 ஜனவரி 25 முதல் எல்லா எண்களோடும் 1,000-ஐக் கூட்டிப் பதியத் தொடங்கினார்கள். முறையாக அறிவித்துச் செய்த, அறிவியல்படி சரியான மாற்றம் இது. ஆனால் அந்த 1,000-ஐக் கழிக்காமல் பழைய நிரலையே ஓட்டியவருக்கு என்ன கிடைத்திருக்கும்? சிவப்பில் 0.05-உம் அண்மை அகச்சிவப்பில் 0.40-உம் தரும் நல்ல பயிரின் குறியீடு 0.78. இரண்டிலும் 0.1 கூடினால் 0.54. ஜனவரி பிற்பகுதி தமிழ்நாட்டில் சம்பா அறுவடைக் காலம். குறியீடு அப்போது இயல்பாகவே இறங்கும். அந்த நேரத்தில் வரும் பொய் இறக்கத்தை மெய் இறக்கத்திலிருந்து கண்ணால் பிரிக்க முடியாது.

அப்படியானால் மாறாத ஒன்றை எங்கே தேடுவது? முதல் விடை சூரியன். பாலசமுத்திரத்துக்கு மேலேயே, கொடைக்கானலில், 1899-இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வகம் இருக்கிறது. 1904 முதல் நூறாண்டுக்கு மேல் கால்சியத்தின் ஊதா ஒளியில் சூரியனைப் படமெடுத்து வைத்திருக்கும் அரிய களஞ்சியம் அது. சூரியப் புள்ளிகள் பதினோராண்டுச் சுழற்சியில் கூடிக் குறைந்தாலும், சூரியனின் மொத்த ஒளி ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே மாறுகிறது. அந்தச் சீர்மைதான் வெண்தகட்டு முறையின் அடித்தளம். பூமி ஜனவரித் தொடக்கத்தில் சூரியனுக்குக் கிட்டவும் ஜூலையில் எட்டவும் இருப்பதால் கிடைக்கும் ஒளியில் ஏறத்தாழ ஏழு விழுக்காடு வேறுபாடு வரும். அது துல்லியமாகக் கணக்கிடக் கூடியது. கொடைக்கானல் களஞ்சியம் இன்னொரு பாடமும் தருகிறது. பழைய ஒளிப்படத் தகடுகள் ஒரே ஒளிக்கு ஒரே அளவு கருப்பதில்லை. 1910-இன் சூரியனை 1960-இன் சூரியனோடு ஒப்பிட விரும்பிய ஆய்வாளர்கள், ஒவ்வொரு தகட்டிலும் சூரியனின் அமைதியான பகுதி நடுவிலிருந்து விளிம்பு வரை எப்படி மங்குகிறது என்பதையே அளவுகோலாகக் கொண்டு தகடுகளைத் திருத்த வேண்டியிருந்தது. அந்தத் திருத்தம் இல்லாவிட்டால் நூறாண்டு உழைப்பு படத்தொகுப்பாக மட்டுமே இருந்திருக்கும்.

இரண்டாவது விடை சந்திரன். காற்றில்லை, மழையில்லை, முளைப்பதும் வாடுவதும் இல்லை. அதன் பரப்பின் எதிரொளிப்பு ஆண்டுக்குப் பத்துக் கோடியில் ஒரு பங்குகூட மாறாது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். பிறை வளர்வதும் தேய்வதும், முகம் சற்றே ஆடுவதும் மட்டும்தான் கணக்கில் கொள்ள வேண்டியவை. அமெரிக்காவின் ஃபிளாக்ஸ்டாஃபில் தொலைநோக்கிகளை வைத்து ஆண்டுக்கணக்கில் அளந்து அதற்கான சூத்திரம் செய்தார்கள். சீவிஃப்ஸ் மாதந்தோறும் முழுநிலவை ஒட்டிய நாளில் தலையைத் திருப்பிச் சந்திரனைப் பார்த்தது. 2010-இல் அது ஓயும்வரை அந்தப் பதிமூன்று ஆண்டுத் தொடரை ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு நிலைப்படுத்தியது அந்தப் பழக்கம்தான். ஆனால் சந்திரனால் மாற்றத்தைத் துல்லியமாகச் சொல்ல முடிகிற அளவுக்கு, உண்மையான ஒளி எவ்வளவு என்பதைச் சொல்ல முடிவதில்லை. சந்திரனின் ஒளியை அளந்த தரைக்கருவிகளின் பிழை அதில் ஒட்டியிருக்கிறது.

மூன்றாவது விடை தரை. லிபியா-4 என்று பெயரிட்ட சகாராவின் மணல்மேட்டுப் பகுதியை உலகின் பல கேமராக்கள் பார்க்கின்றன, ஏனென்றால் அங்கே மழையும் செடியும் அரிது. இந்தியாவில் அந்த இடத்தைக் குஜராத்தின் கட்ச் ரண் உப்புவெளி பிடித்திருக்கிறது. மழைநீர் வற்றி உப்பு வெண்மையாகப் பொருக்குத் தட்டிய பிறகு, இஸ்ரோவின் அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தினர் கருவிகளோடு இறங்கி, செயற்கைக்கோள் கடக்கும் அதே நேரத்தில் தரையின் ஒளியையும் காற்றின் தூசையும் அளக்கிறார்கள்; இன்சாட்-3டி கேமரா இப்படிச் சரிபார்க்கப்பட்டது. கடல் நிறம் பார்க்கும் ஓஷன்சாட் கேமராக்களுக்கு லட்சத்தீவின் கவரத்தி அருகே மிதவைக் கருவி. அமெரிக்கா, பிரான்ஸ், நமீபியா, சீனா ஆகிய நாடுகளில் ஆள் இல்லாமலே நாள் முழுதும் அளந்து யாவருக்கும் தரவு தரும் நிலையங்கள் ராட்கால்நெட் என்ற வலையமைப்பாக இணைந்திருக்கின்றன.

நம் ரிசோர்ஸ்சாட் வரிசையில் கேமராவுக்குள் எல்இடி விளக்குகள் இருக்கின்றன. உணரிகளில் ஏற்படும் மாற்றத்தை அவை நன்றாகக் காட்டும். ஆனால் அந்த ஒளி உணரியின் மேல் நேராக விழுகிறது, முன்னுள்ள லென்சைக் கடந்து வருவதில்லை. லென்ஸ் மங்கினால் அந்த விளக்குக்குத் தெரியாது. அதனால்தான் நம் நாட்டுக்குத் தரை அளவீடு கூடுதலாகத் தேவைப்படுகிறது. பிற நாட்டுக் கேமராவோடு ஒப்பிட்டால் போதாதா என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். லிஸ்-3 பார்க்கும் சிவப்பும் சென்டினல்-2 பார்க்கும் சிவப்பும் ஒரே அகலமுள்ள பட்டைகள் இல்லை. பாலைவனத்தில் ஒத்துப்போகும் இரண்டும் தென்னந்தோப்பில் விலகும். எல்லோரும் எல்லோரோடும் ஒப்பிட்டுக்கொண்டால், சேர்ந்து தவறும்போது காட்டிக்கொடுக்க ஆள் இருக்காது.

இத்தனை நுட்பம் ஒரு வயலுக்கு எதற்கு, மேகமும் பனிமூட்டமும் தரும் பிழை இதைவிடப் பெரிதாயிற்றே என்பது நான் கேட்டவற்றுள் வலுவான மறுப்பு. பெரிதுதான். ஆனால் பனிமூட்டத்தின் பிழை நாளுக்கு நாள் மாறும். பல நாள் படங்களைச் சேர்த்தால் ஒன்றையொன்று தணிக்கும். கேமராவின் தேய்மானம் எல்லா நாளும் ஒரே பக்கம் சாயும். எவ்வளவு சேர்த்தாலும் தணியாது. ஆண்டுகளை ஒப்பிடும் இடத்தில் அது விளைவை மாற்றும். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் இழப்பீடு அப்படியான ஒப்பீடுதான்: கடந்த ஏழாண்டில் சிறந்த ஐந்தாண்டின் சராசரியை அடிப்படையாகக் கொண்ட வரம்பு விளைச்சலோடு இந்த ஆண்டின் விளைச்சலை வைத்துப் பார்க்கிறார்கள். நெல்லுக்கும் கோதுமைக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனையோடு, தொலையுணர்வு முதலான தொழில்நுட்பத்தால் மதிப்பிடும் விளைச்சலுக்கும் 30 விழுக்காடு எடை தரும் முறை 2023-இல் வந்தது. வரம்பு 100, மெய்யான விளைச்சல் 95 என்று கொண்டால், இழப்பீடு காப்பீட்டுத் தொகையில் 5 விழுக்காடு. தொழில்நுட்ப மதிப்பீடு மட்டும் ஐந்து விழுக்காடு கூடுதலாகச் சாய்ந்தால், கலந்த விளைச்சல் 96.4 ஆகி, இழப்பீடு 3.6 விழுக்காடாக இறங்கும். ஒரு கிராமமே தனக்கு உரியதில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இழக்கும். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் அரசுப் பணம் வீணாகும். மதிப்பீட்டுப் பிழை முழுவதும் கேமராவிலிருந்து வருவதில்லை, உண்மை. ஆனால் கேமராவின் பங்கு நம்மால் அளக்கக் கூடியது, அளந்தால் நீக்கக் கூடியது.

செயற்கை நுண்ணறிவு இந்தத் தேய்மானத்தைத் தானே கற்றுக்கொள்ளும் என்ற நம்பிக்கையும் இப்போது பரவியிருக்கிறது. பழைய ஆண்டுகளின் படங்களைக் கொண்டு பழகிய நிரல், படத்தில் இருப்பதை வயலில் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளும். எது வயல், எது ஆடி என்று பிரித்துச் சொல்ல அதற்கு வெளியிலிருந்து ஓர் அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோலைத் தருவது மறுபடியும் அளவுத்திருத்தம்தான்.

ஆகவே இரண்டு காரியங்கள் நடக்க வேண்டும் என்று கேட்கிறேன். கட்ச்சின் வெண்மையான உப்புவெளி, கேமராவின் பிரகாசமான எல்லையைத்தான் சோதிக்கிறது. நம் பயிர்கள் சிவப்பில் மிக இருண்டவை. செம்மண்ணும் நெல்லும் தென்னையும் கலந்த தென்னிந்திய நிலத்தில், ஆண்டு முழுதும் தானே அளக்கும் நிலையான தரை நிலையம் ஒன்று வேண்டும். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் போன்ற நிறுவனங்களிடம் அதற்கான நிலமும் ஆட்களும் உண்டு. அடுத்தது, இன்னும் எளியது. வருவாய்க் கிராமத்தின் விளைச்சல் கணக்கை அறிவிக்கும் தாளில், எந்தச் செயற்கைக்கோள், எந்தெந்த நாள் படம், அளவுத்திருத்தத்தின் எந்தப் பதிப்பு என்ற ஒரு வரி சேர வேண்டும். திண்டுக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் பாலசமுத்திரத்து விவசாயிகள் இந்த ஒரு வரியைக் கேட்டு மனுக் கொடுக்க வேண்டும்.